இத்தாலியில் ஒரு கொறங்காடு



ரெண்டு மாசமா இங்கே ஒண்ணும் எழுதலை. பேத்தியைப் பார்க்க இத்தாலிக்குப் போயிருந்தோம். மகளும் மாப்பிள்ளையும் டுரின் நகரத்தில் வேலை பார்க்கிறாங்க. அடுக்குமாடி வீட்டில் பத்து நாள் உட்கார்ந்ததில் எனக்குக் கால் மரத்துப்போச்சு. "கொஞ்சம் மண்ணை மிதிக்கோணும் சாமி" என்று மகளிடம் சொன்னேன். செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை என்னை ரயிலில் பியெல்லா பக்கம் கூட்டிப்போனார். கான்டேலோ என்ற சின்ன ஊர். அதை ஒட்டி இருக்கிற பராஜ்ஜா என்ற இயற்கைக் காப்பகத்தில் அரை நாள் நடந்தோம்.

காப்பகம்னா அடர்ந்த காடா இருக்கும்னு நினைச்சுத்தான் போனேன். அங்கே இருந்தது புல்வெளி. இடுப்புயரத்துக்குக் கொத்துக் கொத்தா மொலினியா என்ற புல், பாதி காய்ஞ்சு வைக்கோல் நிறத்தில் நின்னுச்சு. இடையிடையே முழங்கால் உயரத்தில் ஊதாப் பூப் பூத்த குத்துச்செடி. அதை அங்கே புரூகோ என்கிறாங்க. அந்தச் செடி நிறைஞ்ச நிலத்துக்கே புருகியேரா என்று பேர். நூறடிக்கு ஒண்ணா ஓக் மரமும், தோல் வெளுத்த பிர்ச் மரமும். வடக்கே பார்த்தால் பனி மூடிய மோன்டே ரோசா மலை. அந்த மலையை மட்டும் மறைச்சுட்டால், அப்படியே எங்க காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு.

பட்டணத்து நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. கொறங்காடு என்பது எங்க பக்கத்து மானாவாரி மேய்ச்சல் நிலம். சுத்தியும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். உழவு கிடையாது, ஆடு மாடு மேயும், அவ்வளவுதான். எனக்கு அப்படி நாலு ஏக்கர் இருக்கு.

பராஜ்ஜா மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். செம்மண் மாதிரி இருக்கு, ஆனால் களி. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பழங்காலத்து ஆறுகள் கொண்டுவந்து போட்டு, மேடாக நின்றுபோன பூமி அது. இரும்புச் சத்து அதிகம், புளிப்பு மண், சத்தும் குறைவு. மழை பெய்தால் தண்ணி கீழே இறங்காது, வெயில் அடிச்சால் கல்லாட்டம் இறுகிப்போகும். ஏர் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு தண்டனை.

அந்த மேட்டில் முதலில் இருந்தது காடுதான். மனுசன் விறகுக்கும் வீட்டுக்கும் வெட்டினான், தீ வெச்சான், ஆடு மாடு ஓட்டினான். நூற்றாண்டுக் கணக்கில் இது நடந்து, காடு போய்ப் புல்லும் குத்துச்செடியும் நின்னுச்சு. பெரும்பகுதி ஊர்ப் பொது நிலம். உழவுக்கு ஆகாது என்றாலும் யாரும் அதைச் சும்மா விடலை. புல்லை அறுத்துத் தொழுவத்தில் மாட்டுக்குப் படுக்கை போட்டாங்க, அது சாணியோடு மக்கி எருவாகி வயலுக்குப் போச்சு. குத்துச்செடியில் விளக்குமாறு கட்டினாங்க. கோடையில் ஆல்ப்ஸ் மேல மேய்ஞ்ச செம்மறி மந்தைகள் குளிருக்குக் கீழே இறங்கி இங்கே மேய்ஞ்சுது. பியெல்லா ஆடு என்று கொம்பில்லாத, காது தொங்கின பெரிய சாதி ஒண்ணு அந்தப் பக்கத்துக்கே உரியது. பியெல்லா ஊர் இன்னைக்கும் கம்பளித் துணிக்குப் பேர் போனது. ஆனா உசத்தியான துணிக்கு நூல் இப்போ ஆஸ்திரேலியாப் பக்கத்து மெரினோ ஆட்டிலிருந்து வருது.

கான்டேலோ ஊருக்குள்ளே ரிச்செத்தோ என்று ஒரு கோட்டை. 13ஆம் நூற்றாண்டு கடைசியிலும் 14ஆம் நூற்றாண்டு ஆரம்பத்திலும் கட்டினது. கோட்டைன்னதும் ராசா இருந்த இடம்னு நினைச்சேன். இல்லீங்க, குடியானவங்க கட்டினது. உள்ளே ஏறத்தாழ 200 சின்னச் சின்ன அறை, கீழே ஒயின், மேலே தானியம். சண்டை சச்சரவு வந்தால் ஜனங்களும் உள்ளே போய்ப் பதுங்குவாங்க. சுவரெல்லாம் ஆத்துக் கூழாங்கல். குதிர் காக்க ஒரு ஊரே சேர்ந்து கோட்டை கட்டியிருக்கு. அந்தச் சந்துகளில் நடக்கும்போது என் பாட்டன் காலத்துக் குதிர் ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் பேசாமல் நின்னேன்.

அப்புறம் காலம் மாறிச்சு. 1866ல் கவூர் கால்வாய் திறந்தாங்க. போ ஆத்துத் தண்ணி வெர்செல்லி, நோவாரா சமவெளிக்குப் பாய்ஞ்சு நெல் வயல் பெருகுச்சு. பராஜ்ஜா மேட்டு நிலம், கால்வாய்த் தண்ணி அதில் ஏறாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலையோரத்தில் ஒஸ்தோலா, ரவசனெல்லா, இங்ஙாஞ்ஞா என்று அணைகள் கட்டினதும் மேட்டுக்கும் தண்ணி வந்துச்சு. தண்ணி இறங்காத களி மண் நெல்லுக்கு ரொம்பத் தோதாகிப்போச்சு. எது குத்தம்னு சொன்னாங்களோ அதுவே குணம் ஆச்சு. பராஜ்ஜா அரிசிக்கு 2007ல் ஐரோப்பிய ஒன்றியம் பிறப்பிடப் பெயர் உரிமை கொடுத்துச்சு. இத்தாலியில் அந்தத் தகுதி வாங்கின அரிசி அது ஒண்ணுதான்.

இதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் விவசாயி. ஆனால் மேய்ச்சல் நிலம் அதில் துண்டு துண்டாகிப் போச்சு. கான்டேலோவில் பெரிய துண்டு மிஞ்சினதுக்கு ஒரு விசித்திரமான காரணம், ராணுவம். டாங்கி ஓட்டிப் பழகுகிற களமா இருந்ததால் அங்கே ஏரும் வரலை, வீடும் வரலை. மிஞ்சின துண்டுகளைச் சேர்த்து 1992ல் பியெமோன்டே மாநில அரசு காப்பகம் ஆக்குச்சு.

நான் சொல்ல வந்தது இதுக்கு அப்புறம்தான். காப்பாத்தியாச்சுன்னு அப்படியே விட்டால் அந்த நிலம் நிக்காதுங்க. மேய்ச்சலும் அறுப்பும் குறைஞ்ச இடத்தில் பிர்ச் கன்னு விரல் தண்டிக்கு நெருக்கமா ஏறி நிக்குது. அதன் பின்னால் ஓக் வரும். கொஞ்ச வருசத்தில் நிழல் மூடி, புல் போயிடும். அந்த மொலினியாப் புல்லைத் தின்று வளருகிற ஒரு பழுப்பு வண்ணத்துப்பூச்சி இருக்கு, ஐரோப்பாவிலேயே அருகிவரும் இனம். புல் போனால் அதுவும் போகும். மரம் முளைச்சு அழியுற இயற்கையும் உண்டு என்று அங்கே நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. மேயறதுக்கு ஆடும், வெட்டுறதுக்கு ஆளும் இருந்தாத்தான் அது பராஜ்ஜா.

"மாமா, மரம் வந்தா நல்லதுதானே?" என்று மாப்பிள்ளை கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ரெண்டு மாசம் முன்னாடி நானும் அப்படித்தான் நினைச்சேன்.

போன வைகாசியில் இதைப் படிக்கிற நண்பர் ஒருத்தர், "ஐயா, உங்க நாலு ஏக்கர் சும்மாதானே கிடக்கு, ஐப்பசி மழைக்கு நாங்க வந்து 500 மரக்கன்னு நட்டுத் தர்றோம்" என்று எழுதியிருந்தார். நல்ல மனசோட கேட்டார், நானும் சரின்னுட்டேன். குழி எடுக்க ஆள்கூடச் சொல்லியாச்சு.

நண்பரே, மன்னிக்கோணும். கன்னு வேண்டாமுங்க. அந்த நாலு ஏக்கர் சும்மா கிடக்கலை. என் மாடு மூணும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆடு நாப்பதும் அதை நம்பித்தான் இருக்கு. வெயில் காலத்தில் வெள்வேலங்காய் உதிரும், அதுதான் ஆட்டுக்குத் தீனி. கவுதாரி முட்டை வைக்கிறதும் அந்தப் புல்லில்தான். 500 மரம் வளர்ந்தால் நிழல் விழும், கொழுக்கட்டைப் புல்லுக்கு நிழல் ஆகாது. அவர் வரத் தயாராய் இருந்தால் வேற வேலை இருக்கு. கிளுவை வேலி தெற்குப் பக்கம் நாலு இடத்தில் விட்டுப்போய்க் கிடக்கு. குச்சி நான் வெட்டி வெச்சிருக்கேன், நடுறதுக்குத்தான் கை வேணும்.

மத்தியானம் சோறு எங்க வீட்டில்.