நித்தியகல்யாணி விளைந்த பூமி

1958இல் கனடாவில் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தபோது, அதற்கான செடி காரைக்குடியில் கிணற்றடிக்குக் கிணற்றடி பூத்துக் கிடந்தது. மடகாஸ்கர் செடிதான். ஆனாலும் நித்தியகல்யாணிக்கு எங்கள் செம்மண்ணும் வெயிலும் ஒத்துப்போயின. ஆடுமாடு வாய் வைக்காது, தண்ணீரும் அதிகம் கேட்காது. ஆச்சிமார் பூவைச் சாமிக்குப் பறிப்பார்கள். சர்க்கரைக்கு நல்லதென்று இலையை அவித்துக் குடிப்போரும் உண்டு. அது விஷம் என்று தாவரவியல் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன்.

அந்தச் சர்க்கரை நம்பிக்கைதான் ஆராய்ச்சிக்கும் வழிவிட்டது. 1952இல் ஜமைக்காவிலிருந்து கொஞ்சம் இலைகள் தபாலில் கனடாவுக்குப் போயின. அங்கே ஆராய்ச்சியாளர்கள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன. பெருகவேண்டிய செல்களை ஏதோ தடுக்கிறது என்று பிடித்துக்கொண்டார்கள். இதே செடியின் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எதைத் தடுக்கிறது? வெங்காய வேர்நுனியைக் காலையில் நறுக்கி, அசிட்டோகார்மைன் விட்டு, கவர்ஸ்லிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினால், நுண்ணோக்கியில் குரோமோசோம்கள் நடுவில் வரிசைகட்டி நிற்பது தெரியும். டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்து இழையாகி, அவற்றை இரு பக்கமும் இழுக்கும். ஒரேயொரு குரோமோசோமை இழை பிடிக்காமல் விட்டாலும் செல் பிரியாது, பொறுத்திருக்கும். செல்லுக்குள் இப்படிச் சரிபார்க்கும் கட்டங்கள் உண்டென்று காட்டிய லீலண்ட் ஹார்ட்வெல், 2001 நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். நித்தியகல்யாணி மருந்து டியூபுலினைப் பற்றிக்கொண்டு இழை வளரவிடாது. செல் பாதியில் நின்று, பெரும்பாலும் மடிந்துபோகும். பெருகிக்கொண்டேயிருக்கும் புற்றுச் செல்லுக்கு அடி விழுவது இதனால்தான்.

1985 வரை எங்கள் ஊரும் ராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. அந்தச் சீமையிலும் நெல்லை, தூத்துக்குடிப் பக்கமும் நித்தியகல்யாணி மானாவாரிப் பயிரானது. இலை ஹங்கேரிக்கும் அமெரிக்காவுக்கும், வேர் ரத்த ஓட்ட மருந்துக்காக ஐரோப்பாவுக்கும் போயின. உலர்ந்த இலை நூற்றுக்கணக்கான கிலோ சேர்ந்தால்தான் ஒரு கிராம் வின்கிரிஸ்டின் தேறும். அத்தனையையும் உருவிக் காயவைத்துச் சாக்குப் பிடித்தவர்கள் கூலிக்காரர்கள். எங்கள் ஊர் வணிகர்களான நகரத்தார் பர்மாவில் நடத்திய கொடுக்கல் வாங்கலுக்குப் புத்தகம் புத்தகமாக வரலாறு இருக்கிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் தொடக்கச் சிகிச்சையிலேயே கொடுக்கும் மருந்துக்கு இலை பறித்தவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம்கூட என் கண்ணில் படவில்லை. இலை வாங்கி அனுப்பிய வியாபாரிகளின் கணக்கு நோட்டுகள் கரையானுக்குத் தப்பியிருந்தால், யாராவது இப்போதே தேடி எடுத்து எழுத வேண்டும்.