சைக்கிள் கத்துக்கிட்ட அம்மாமார்களும் நம்ம குழுக்களும்

நமது மலருக்கு மாவட்ட வரலாறு பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ராஜா கதை, கோட்டை கதை எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் நம்ம அம்மாமார்கள் சைக்கிள் ஓட்டிய வரலாற்றை எழுதுகிறேன்.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது கலெக்டராக இருந்தவர் திருமதி ஷீலா ராணி சுங்கத். எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, படிக்கச் சொல்லித் தருவதுதான் இயக்கத்தின் வேலை. சொல்லிக் கொடுக்க வந்தவர்களிலும் பெண்கள் நிறைய. நினைத்த நேரத்துக்குப் பஸ் கிடைக்காது. அதனால் சைக்கிள் பழக்குவதும் அறிவொளி வேலையாகச் சேர்ந்துகொண்டது.

கூலி வேலை செய்தவர்கள், கல் குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். கேலி பேசினவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க, இவங்க மிதிச்சுக்கிட்டே போனாங்க. எங்கம்மாவும் அப்படிக் கத்துக்கிட்டவங்கதான். "விழுந்தாத்தான்டி எந்தப் பக்கம் சாயுதுன்னே தெரியும்" என்பார்கள். தண்ணிக் குடத்தையும் என்னையும் வச்சு ஓட்டினது அந்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான்.

நம்ம குழுக்களின் வரலாறும் இதே மாதிரிதான். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. குழுக்களை வங்கியோடு இணைக்க நபார்டு 1992-ல் முயன்றபோது, நாடு முழுவதற்கும் ஒரேயடியாகப் போகவில்லை. 500 குழுக்களை வைத்துத்தான் சோதனை ஆரம்பித்தது. மகளிர் திட்டம் தமிழ்நாடு முழுக்க வந்தது 1997-க்குப் பிறகு. சிறுசா செஞ்சு பார்த்தது பின்னால பெருசாச்சு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் குழு கடலை எண்ணெய் பற்றி ஒரு வருஷமாகப் பேசியது. எந்த மெஷின், என்ன பேர், லேபிள் என்ன கலர் என்று தீர்மான நோட்டே நிறைந்துவிட்டது. அதற்குள் இரண்டு அறுவடைக் கடலையும் வியாபாரி சொன்ன விலைக்கே போய்விட்டது. "ஆழம் தெரியாம காலை விடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வது சரிதான். ஆனா ஆழம் பார்க்கணும்னாலும் ஒரு கோலையாவது தண்ணிக்குள்ள விடணும்ல?

போன மாசம் கோலை விட்டோம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 80 கிலோ கடலைப் பருப்பு வாங்கி, பக்கத்து ஊர் செக்கில் கூலி கொடுத்து ஆட்டினோம். 32 லிட்டர் எண்ணெய் வந்தது. எங்கள் 12 பேர் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்குமே நாலு நாளில் தீர்ந்தது. புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. எண்ணெயைத் தெளிய வைக்க எத்தனை நாள் ஆகும், பாத்திரம் எவ்வளவு வேணும், கடனுக்கு யார் கேட்பாங்க எல்லாம் இப்பத்தான் தெரிஞ்சது. ஒரு வருஷக் கூட்டத்தில் இது ஒண்ணும் வரவில்லை.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கு நோட்டு இல்லாமல் குழு நிற்காது. ஆனால் செய்த வேலைக்கு எழுதும் கணக்குத்தான் அடுத்த வேலைக்கு உதவும். உங்கள் குழுவிலும் நோட்டிலேயே தூங்கும் தீர்மானம் ஒன்று இருக்கும். அடுத்த கூட்டத்துக்குள் அதை ஒரு மூட்டை அளவுக்காவது செய்து பாருங்கள். கடலை ஆட்டுறதா இருந்தா எங்க குழுவுக்கு வாங்க, நோட்டைக் காட்டுறோம்.