மேசை செய்த கைகள் கட்டிய போர்ப்படகு: ஃபேர்மைல் ‘பி’ மோட்டார் லாஞ்சின் வரலாறு

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய நூல்களில் ரோந்துப் படகுகள் வந்தால், பெரும்பாலும் வீரக் கதைகளின் பாத்திரங்களாகவே வரும். பிரிட்டிஷ் கடற்படையின் ஃபேர்மைல் ‘பி’ வகை மோட்டார் லாஞ்சுக்கும் அப்படிப்பட்ட கதைகள் உண்டு. ஆனால் அது எப்படிப் போரிட்டது என்பதைவிட எப்படிக் கட்டப்பட்டது என்பதில்தான் அதன் வரலாற்று முக்கியத்துவம் இருக்கிறது. இந்தப் படகின் வெற்றிக்கும் பலவீனத்துக்கும் காரணம் ஒன்றே: போர்க்கால நெருக்கடியில் கைக்குக் கிடைத்த மரம், கிடைத்த எஞ்சின், கிடைத்த தொழிலாளர் ஆகியவற்றைக் கொண்டே கட்டுவது என்ற முடிவு.

இந்த யோசனைக்கு ஒரு முன்கதை உண்டு. 1915-ல் ஜெர்மன் நீர்மூழ்கிகளைச் சமாளிக்க, அமெரிக்காவின் எல்கோ நிறுவனத்திடம் பிரிட்டன் மரத்தாலான மோட்டார் லாஞ்சுகளைக் கேட்டது. முதலில் 50, லூசிடானியா மூழ்கடிக்கப்பட்டபின் மேலும் 500. பாகங்கள் நியூஜெர்சியில் தயாராகி, கனடாவில் பொருத்தப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்தன. 488 நாளில் 550 படகுகள். ஆனால் சமாதானம் வந்ததும் படகுகள் விற்கப்பட்டன, முறையும் மறக்கப்பட்டது.

1939-ல் அதை மீண்டும் கையில் எடுத்தவர் கப்பல் துறைக்கு வெளியாளான நோயல் மேக்லின். இன்விக்டா, ரெயில்டன் கார்களைத் தயாரித்தவர். சர்ரே மாவட்டம் கோபமில் இருந்த அவருடைய வீட்டின் பெயர்தான் படகுக்கும் வந்தது. கப்பல் கட்டும் தளங்கள் எல்லாம் பெரிய கப்பல்களுக்கே போதாமல் திணறும், எஃகுக்கும் தட்டுப்பாடு வரும், ஆகவே தளங்களுக்கு வெளியே சும்மா இருக்கும் தச்சுத் திறனைப் பயன்படுத்துவோம் என்பது அவர் கணக்கு. அவருடைய முதல் வடிவமான ‘ஏ’ 12 படகுகளோடு நின்றது. மூன்று எஞ்சின்கள், எரிபொருள் தாகம் அதிகம், கரடுமுரடான கடலில் ஓட்டமும் சரியில்லை. ‘பி’யின் உடலைக் கடற்படைத் தலைமையகமே வரைந்தது. ஹாஸ்லரில் இருந்த சோதனைத் தொட்டியில் மாதிரியை இழுத்துப் பார்த்து, வளைந்த அடிப்பக்கம் கொண்ட உடலைத் தேர்ந்தார்கள். நீளம் 112 அடி, எடை சுமார் 85 டன், வேகம் 20 நாட். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கடல் தாங்கும் தன்மையை வாங்கிய வடிவம் அது. என் பார்வையில் மிக நிதானமான பேரம்.

கட்டிய விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விலா எலும்புகள் போன்ற படகின் வங்குகளும் குறுக்குத் தடுப்புகளும் ப்ளைவுட்டில் அறுக்கப்பட்டன. மேசை, நாற்காலி, அலமாரி செய்துகொண்டிருந்த பட்டறைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒதுக்கப்பட்ட பாகத்தை அச்சு மாறாமல் வெட்டி அனுப்பின. அவை ஓரிடத்தில் சேர்ந்து, தொகுதி தொகுதியாகச் சிறு படகுத் தளங்களுக்குப் போயின. அங்கே வங்குகளை நிறுத்தி, மஹாகனிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாயும்படி இரண்டு அடுக்கு பதித்தார்கள். மேல்தளத்தில் திருகுத் துளைகளுடன் எஃகுப் பட்டைகள் ஓடின. இன்று நீர்மூழ்கி வேட்டைக்குப் போகும் படகு, இரண்டு நாள் வேலையில் கண்ணிவெடி விதைப்பதற்கோ விமானிகளை மீட்பதற்கோ மாறிவிடும். இந்தப் படகைப் பற்றிய போர் நூல்களில் இந்தப் பட்டைகள் ஒரு வரிக்குமேல் இடம் பெறாதது வியப்பு.

தொகுதியாக வந்த படகைப் பெட்டியில் போட்டுக் கடல் கடந்தும் அனுப்பலாம். கனடா 80 படகுகளையும், ஆஸ்திரேலியா 35-ஐயும், நியூசிலாந்து 12-ஐயும் சேர்த்துக்கொண்டன. எகிப்து, ஜமைக்கா, தென்னாப்பிரிக்கா, இந்தியாவின் பம்பாய், கல்கத்தா என வேலை பரவியது. மொத்தம் ஏறத்தாழ 650.

எஞ்சின்தான் சிக்கல். கலிஃபோர்னியாவின் ஹால்-ஸ்காட் நிறுவனம் தந்த 12 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு. தேவையான எண்ணிக்கையில் தகுந்த டீசல் எஞ்சின் கிடைக்காததால் இவற்றை ஏற்க வேண்டியிருந்தது. மர உடலுக்குள் 2,300 காலன் பெட்ரோல்! கடலோரக் காவலுக்கு இந்த அபாயத்தைச் சகித்துக்கொள்ளலாம். 1942 மார்ச் 28 அதிகாலையில் பிரான்சின் சான் நசேர் துறைமுகத்தைத் தாக்கியபோது படகு அதைத் தாங்கவில்லை. 16 லாஞ்சுகள் கமாண்டோ வீரர்களை ஏற்றிச் சென்றன. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் போதாததால் மேல்தளத்தில் தலா 500 காலன் கூடுதல் தொட்டியும் இருந்தது. ஆழமற்ற மணல்திட்டுகளைத் தாண்டி லுவார் ஆற்று முகத்துவாரத்துள் நுழைய அந்தச் சிறிய உடல் உதவியது. கரைப் பீரங்கிகளின் முன்னே, தேடுவிளக்கு வெளிச்சத்தில் அதுவே கொள்ளிக்கட்டையானது. ஒன்று எஞ்சின் கோளாறால் வழியிலேயே திரும்பியிருந்தது. முன்னேறிய 15-ல் இங்கிலாந்து திரும்பியவை 3. எம்.எல். (மோட்டார் லாஞ்ச்) 306 ஜெர்மன் டார்பிடோ படகு யாகுவாருடன் மோதியது. அதில் துப்பாக்கியை விடாமல் சுட்டு மாண்ட சார்ஜென்ட் தாமஸ் டரன்ட்டின் வீரத்தை எதிரிக் கப்பலின் தளபதியே சிறைப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரியிடம் எடுத்துச் சொன்னார். டரன்ட்டுக்கு விக்டோரியா கிராஸ் விருது 1945-ல் வந்தது.

சான் நசேருக்குச் சில வாரங்களுக்கு முன்பு, சிங்கப்பூர் வீழ்ந்த பிப்ரவரியில், எம்.எல். 310 ரியர் அட்மிரல் ஸ்பூனரையும் ஏர் வைஸ் மார்ஷல் புல்ஃபோர்டையும் ஏற்றிக்கொண்டு தப்பியது. ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு பங்கா தீவுக்கு அருகே வேறொரு தீவில் கரைதட்டியது. இரு தளபதிகளும் நோயால் அங்கேயே இறந்தார்கள்.

இதே வடிவம் தனக்கு உகந்த வேலையைக் கண்டது பர்மாவின் அரக்கான் கரையில். சவுங் எனப்படும் சேற்றுக் கால்வாய்களும் சதுப்புநிலக் காடும் நிறைந்த கரை அது. பெரிய கப்பல் நுழைய முடியாது. அங்கே ராயல் இந்தியக் கடற்படையின் லாஞ்சுப் பிரிவுகள், இந்திய மாலுமிகளுடன், ஜப்பானியரின் நீர்வழிகளை மறித்தன. 1945 ஜனவரியில் அக்யாப், ராம்ரி தரையிறக்கங்களிலும் பங்கேற்றன. மறைந்திருந்து பார்த்து, மறித்து, விரட்டும் வேலைக்குத்தான் இந்தப் படகு பிறந்தது. சான் நசேர் இழப்புகளின் பழியைப் படகின்மேல் போடுவது, என் கணிப்பில், நியாயமல்ல. ரோந்துப் படகைத் தாக்குதல் கப்பலாக்கிய திட்டத்தின்மேல் போடுவதே பொருத்தம்.

போர் முடிந்ததும் ஏராளமானவை விற்கப்பட்டன. அவற்றில் மீட்புப் படகாக இருந்த ஆர்.எம்.எல். 497 ‘வெஸ்டர்ன் லேடி 3’ என்ற பெயரில் டார்க்கீ, பிரிக்ஸ்ஹாம் இடையே பயணிகளை ஏற்றியது. இவற்றுக்கு மாறாக, 1950-களில் பிரிட்டன் கட்டிய ‘ஃபோர்டு’ வகைக் கடலோரக் காவல் படகுகள் எஃகு உடலும் டீசல் எஞ்சினும் கொண்டவை. லாஞ்சு வேலை பரவியிருந்த கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தை இந்திய அரசு 1960-ல் வாங்கியது. 1961-ல் அங்கிருந்து வெளிவந்த ஐ.என்.எஸ். அஜய், சுதந்திர இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பல். அதுவும் ஒரு கடலோரக் காவல் படகுதான்.