நீரடிமுத்தும் தமிழ் மறவனும்

எங்கள் தாத்தாவின் நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து எண்ணெய்க்கென்றே தனி ஜாடி இருந்தது. ஒரு காலத்தில் தொழுநோய்க்கு அதுதான் மருந்து. 1940-களில் சல்ஃபோன் மருந்துகள் வந்தபின் கேட்பார் குறைந்தார்கள். தாத்தாவுக்குக் கொட்டை விலைதான் கணக்கு. நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்று வளரும் தமிழ் மறவனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டு வண்ணத்துப்பூச்சி அது. ஆரஞ்சுச் சிறகு, ஓரத்தில் கரும்பழுப்புக் கரை. சிறகை மூடினால் குறுக்கே வெளிறிய பட்டை ஒன்று தெரியும். பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் 1787-லேயே அறிவியல் பெயர் வைத்துவிட்டார். நம் தமிழ்நாடு அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது 2019-ல். சாவகாசம்தான்! ஓடைக்கரை ஈரமண்ணில் கும்பலாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சும்போது கிட்டே போய்ப் பார்க்கலாம்.