19 அடி நீளத்தில் ஒரு கல்வெட்டு: ஒளிப்படப் பெரிதாக்கலின் வரலாறு சொல்வது

சென்ற ஆண்டு எங்கள் துறையில் நடந்த கண்காட்சிக்காக, கோலார்ப் பகுதியைச் சேர்ந்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்றின் ஒளிப்படத்தை 3 அடி அகலத்தில் அச்சிட்டேன். நண்பர் ஒருவர் கைப்பேசிச் செயலி வழியே அனுப்பிய படம் அது. தெளிவு போதாமையால், படத்தைக் கூர்மையாக்கித் தரும் மென்பொருள் ஒன்றில் இட்டு எடுத்தேன். எழுத்துகள் பளிச்சென்று வந்தன. பார்வையிட வந்த ஓய்வுபெற்ற கல்வெட்டறிஞர் ஒருவர் நெடுநேரம் அதன் முன் நின்றுவிட்டு, “இந்தக் கோடு கல்லில் இருக்கிறதா, தம்பி?” என்று மட்டும் கேட்டார். பிறகு மைப்படியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கோடு இல்லை. கல்லின் சிதைவை மென்பொருள் ஓர் எழுத்துக்கோடாக மாற்றியிருந்தது. ‘ப’ என்று படிக்க வேண்டியது ‘ம’ ஆகியிருந்தது. அந்தப் பிழையே என்னைப் பெரிதாக்கலின் வரலாற்றைப் படிக்கத் தூண்டியது.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றிய லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டைப் படமெடுத்தார். ஒரே படத்தில் அது அடங்காது. தொலைவில் நின்று முழுவதையும் அடக்கினால் எழுத்து தெரியாது. ஆகவே அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே நெடும்படமாக ஆக்கினார். ஹுல்ட்ஸ் பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையில் தஞ்சைக் கல்வெட்டுகள் 1891 முதல் வெளிவரத் தொடங்கின. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியது இந்தப் படம்.

டிரைப் ஒட்டுவதைத் தேர்ந்ததற்கு அக்காலத் தொழில்நுட்பமும் காரணம். அன்று நெகட்டிவைத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டியே படி எடுத்தார்கள். நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ, படமும் அவ்வளவே. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமரா வேண்டும். இந்த வழியின் உச்சத்தை 1900-இல் சிகாகோவைச் சேர்ந்த ஜார்ஜ் லாரன்ஸ் தொட்டார். ஒரு ரயில்வண்டியை முழுமையாக ஒரே படத்தில் காட்டுவதற்காக அவர் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டின் அளவு 8 அடிக்கு 4½ அடி.

சிறிய நெகட்டிவைப் பெரிதாக்கும் முயற்சியும் டிரைப் காலத்திலேயே தொடங்கிவிட்டது. டேவிட் உட்வர்ட் என்ற அமெரிக்க ஓவியர் 1857-இல் சூரியஒளிப் பெரிதாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவ்வாறு பெரிதாக்கிய உருவம் பெரும்பாலும் மங்கலாகவே விழுந்தது. ஓவியர்கள் அதன்மேல் கரிக்கோலாலும் வண்ணத்தாலும் வரைந்து நிறைவுசெய்தனர். கண்ணின் ஒளி, ஆடையின் மடிப்பு முதலியன ஓவியர் கையிலிருந்து வந்தவை. ஒளியிலிருந்து வந்தவை அல்ல. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள் செய்வதும் இதையேதான். இல்லாத விவரத்தை, தான் முன்பு கண்ட படங்களைக் கொண்டு ஊகித்து வரைகிறது. பிறகு, ஒளியுணர்வு மிகுந்த புரோமைடு தாளும் மின்விளக்கும் பெரிதாக்கலை எளிதாக்கின. 1925-இல் லைக்கா விற்பனைக்கு வந்தபின், சிறிய நெகட்டிவிலிருந்து பெரிய படம் என்பது இயல்பான நடைமுறையாயிற்று. பெரிதாக்கினால் விவரம் கூடும் என்ற மயக்கமும் அதனோடு பரவியிருக்க வேண்டும்.

டிஜிட்டல் படத்தில் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான அளவு. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000 பிக்சல் கொண்டது. அதை 20 அங்குல அகலம் வரை நன்றாக அச்சிடலாம். எனக்கு வந்த படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல்தான். 36 அங்குலத்தில் அச்சிட்டபோது அங்குலத்துக்கு 45 கூடத் தேறவில்லை. கோப்பின் பண்புகளில் 72 என்றிருப்பதை 300 என்று மாற்றுவதாலும் பயனில்லை. அது பெயர்ப்பலகையை மாற்றுவது போன்றது. பிக்சல் ஒன்றுகூடக் கூடுவதில்லை.

தொலைவிலிருந்து பார்ப்பதற்கு இவ்வளவு தேவையில்லை என்பது உண்மையே. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அங்குலத்துக்கு 90 பிக்சல் அளவே போதும். சாலையோர விளம்பரப் பதாகைகளுக்கு அதனினும் குறைவு. ஆனால் கல்வெட்டைப் படிப்பவர் தள்ளி நிற்பதில்லை. ஐயம் வரும் இடத்தில் முகத்தைப் படத்தருகே கொண்டுபோகிறார். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. ரகரமும் நெடிலைக் காட்டும் காலும் ஒரே வடிவில் இருக்கும். முன்பே ஐயத்துக்கு இடமுள்ள எழுத்துமுறையில் இயந்திரம் ஒரு கோட்டைச் சேர்த்தால், பாடமே மாறிவிடும். அந்தப் பாடத்தின்மேல் நாம் எழுப்பும் மொழி வரலாற்று முடிவும் மாறும்.

அப்படியானால் வழி என்ன? டிரைப்பின் வழியேதான். 19 அடி என்பது 228 அங்குலம். அதை அங்குலத்துக்கு 300 பிக்சலில் அச்சிட 68,400 பிக்சல் நீளம் வேண்டும். 6000 பிக்சல் அகலப் படங்களை, அடுத்தடுத்த படங்கள் மூன்றிலொரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்தால், ஏறத்தாழ 17 படங்கள் தேவைப்படும். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் நாம் அவருடைய 21-க்கு அருகிலேயே நிற்கிறோம்! கேமராவைச் சுவருக்கு இணையாக நகர்த்த வேண்டும். ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் வெட்டின் ஆழம் நிழலாகத் தெரியும். மூலக்கோப்பைச் சுருக்காமல் பாதுகாக்க வேண்டும். பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டால் விளக்கொளி எதிரொளித்து எழுத்தை மறைக்காது.

டிரைப்பும் நெகட்டிவில் கைவைக்காதவர் அல்லர். தம் காட்சிப்படங்களில் வானத்தில் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தவர் அவர். மேகத்தைத் தீட்டுவதால் வரலாறு கெடுவதில்லை. எழுத்தைத் தீட்டினால் கெடும். சார்லஸ் டிரெவிலியன் 1859-இல் ஆளுநராக வந்தபின், செலவைக் காரணம் காட்டி டிரைப்பின் பணி நிறுத்தப்பட்டது. அன்று பகுதி பகுதியாகப் படமெடுப்பது பெருஞ்செலவு. இன்று நமக்கு அரைநாள் உழைப்பு.

கண்காட்சியில் வைத்த படத்தை அன்றே எடுத்துவிட்டேன். மீண்டும் கோலாருக்குச் சென்று, ஒன்பது பகுதிகளாக எடுத்து ஒட்டிய படமே இப்போது துறையில் தொங்குகிறது. சிதைந்த இடம் அதில் சிதைந்தே இருக்கிறது. கல்வெட்டு, ஓலைச்சுவடிப் படங்களை ஆய்வேட்டில் சேர்க்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தின் கீழே, மூலக்கோப்பின் பிக்சல் அளவையும் அதன்மீது நீங்கள் செய்த மாற்றங்களையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். அந்தக் கல்வெட்டறிஞர் என்னைக் கேட்ட கேள்விக்கு விடை அந்த வரியில் இருக்கும்.