பேட்டரியைத் தின்னும் வால்

சார்ஜ் நிக்கலைன்னா உடனே பேட்டரி மேல பழியைப் போடுவோம். பேட்டரியையே மாத்திப் பார்த்தும் சரியாகாதவங்க எங்க கீழக்குயில்குடியிலயே உண்டு. சார்ஜ் நிஜமா எங்கே போகுதுன்னு சிலர் உட்கார்ந்து அளந்து பார்த்திருக்காங்க.

2009. சென்னையில் பி.எஸ்.என்.எல். 3ஜி தொடங்கிய வருடம். அதே வருடம் அமெரிக்காவில், ஆம்ஹெர்ஸ்ட் நகரின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிரஞ்சன் பாலசுப்ரமணியன், அருணா பாலசுப்ரமணியன், அருண் வெங்கடரமணி மூவரும் நோக்கியா என்95 போன்களில் மின்செலவை அளந்து கட்டுரை வெளியிட்டார்கள். சின்ன ஃபைலை 3ஜியில் இறக்குவதைவிட, இறக்கி முடித்த பிறகுதான் செலவு அதிகம்! ரேடியோ உடனே தூங்குவதில்லை. இன்னும் ஏதாவது வரும் என்று சுமார் 12.5 விநாடி விழித்தே கிடக்கிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஆளை இறக்கிவிட்டு, அடுத்த சவாரிக்காக இன்ஜினை அணைக்காமல் நிற்கும் ஷேர் ஆட்டோ மாதிரி. 50 கேபி இறக்கினால் மொத்தச் செலவில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்தக் காத்திருப்புக்கே போனது. 'டெயில் எனர்ஜி' என்றார்கள், அதாவது வால் ஆற்றல். வாலின் நீளத்தை முடிவு செய்வது போன் அல்ல, நெட்வொர்க் கம்பெனி. அடிக்கடி தூங்கி எழுந்தால் அவர்களுக்குச் சுமை, நமக்குத் தாமதம்.

ஆக, ஒரு பெரிய டவுன்லோடைவிட நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்க்கும் குட்டி ஆப்கள்தான் வில்லன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வால். சேர்த்து அனுப்பினால் ஒரே வால். இதையே அவர்கள் 'டெயில்எண்டர்' என்ற முறையாக்கினார்கள்.

அடுத்த வருடமே பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகமும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொன்றை அளந்தன. சிக்னல் பலவீனமான இடத்தில், அதே அளவு டேட்டாவுக்கு ஆறு மடங்கு வரை மின்சாரம் போகலாம். எனக்கு இதுதான் பெரிய கண்டுபிடிப்பாகப் படுகிறது, ஊர்ப்பக்கம் இருப்பவனுக்கு இதுதானே அன்றாடம்!

2015-ல் ஆண்ட்ராய்டு 6.0 'டோஸ்' வசதியோடு வந்தது. சும்மா கிடக்கும் போனில் ஆப்களின் நெட் வேலைகளை நிறுத்தி வைத்து, அவ்வப்போது மொத்தமாகத் திறந்துவிடும். சிக்னல் கோடு ஒன்றாகிவிட்டால் அதற்கு டோஸிடம் மருந்தில்லை. சமணர் மலையில் செட்டிப்புடவு பக்கம் ஏறும்போது நான் டேட்டாவை அணைத்துவிடுவேன்.