எண் ஒன்று, மருந்து இரண்டு

வெம்பக்கோட்டைப் பக்கத்தில் கருமருந்து என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அந்தக் கலவைதான் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கிகளுக்கும் மருந்தாக இருந்தது. இப்போது ஒரு கேள்வி. நூறாண்டுக்கு மேற்பட்ட வேட்டை ரைபிள் ஒன்றில் ‘450’ என்று பொறித்திருக்கிறது. ‘450’ என்று குறித்த தோட்டா ஒன்றும் கிடைக்கிறது. அது குழலுக்குள் சரியாகப் பொருந்தியும் விடுகிறது. அதுவே சரியான தோட்டா என்று கொள்ளலாமா? கூடாது! ஏன் என்று பார்ப்போம்.

புகையும் அழுத்தமும்

450 என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட அளவு. அதாவது, குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 11.4 மில்லிமீட்டர். கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பங்கே வாயுவாகிறது. மிச்சம் புகையாகவும் கசடாகவும் போய்விடும். ஆகவே குழலில் தோன்றும் அழுத்தமும் மிதமானதே.

1889இல் ஆபெல், டூவர் என்ற அறிஞர்கள் இங்கிலாந்தில் கார்டைட்டை உருவாக்கினார்கள். நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாசலைன் 5 பங்கு கொண்ட இது ஏறத்தாழ முழுவதும் வாயுவாகிவிடும். நம் நீலகிரியிலுள்ள அருவங்காட்டுத் தொழிற்சாலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மருந்துக்காகவே நிறுவப்பட்டது.

1898இல் ரிக்பி என்ற துப்பாக்கி நிறுவனம், கருமருந்துக்கென இருந்த மூன்றேகால் அங்குலத் தோட்டாக் கூட்டிலேயே 70 கிரெயின் கார்டைட்டை அடைத்தது. 31 கிராம் குண்டு நொடிக்கு 655 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 6,700 ஜூல்! கூடு அதே கூடு. எண்ணும் அதே எண். ஆனால் கருமருந்துக்கெனச் செய்த பழைய குழல் இந்த அழுத்தத்தைத் தாங்காமல் சுடுபவர் முகத்தருகே வெடிக்கக்கூடும்.

சட்டம் பெருக்கிய அளவுகள்

குழப்பத்தை அரசும் வளர்த்தது. மார்ட்டினி-ஹென்றி என்ற படைத் துப்பாக்கியும் 450 அளவுடையது. வேட்டைத் தோட்டாக்களின் குண்டுகளைக் கழற்றி, வடமேற்கு எல்லையில் தம்மை எதிர்ப்போர் பயன்படுத்திக்கொள்வார்களோ என ஆங்கில அரசு அஞ்சியது. ஆகவே 1907ஐ ஒட்டி இந்தியாவிலும் சூடானிலும் 450 அளவுக்குத் தடை வந்தது. துப்பாக்கி நிறுவனங்கள் சளைக்கவில்லை. 470, 475, 500/465 எனப் புதுப்புது அளவுகளைக் கொண்டுவந்தன. ஒன்றுக்குரிய தோட்டா மற்றொன்றுக்கு ஆகாது. படைக்குரிய 303க்கு மாற்றாகக் குடிமக்களுக்கு 315 வந்த கதையும் இத்தகையதே.

எண்ணும் எப்போதும் உள்ளதை உள்ளபடி சொல்வதில்லை. 303 என்பது குழலின் உட்புறத் திருகுப் பள்ளங்களுக்கு இடையேயுள்ள மேடுகளை வைத்து அளந்த விட்டம். குண்டின் விட்டமோ 311. குண்டு சற்றுப் பெரிதாக இருந்தால்தான் பள்ளங்களில் பதிந்து சுழன்று செல்லும்.

கந்தகத்தின் உதவி

அப்படியானால் உண்மையை அறிவது எப்படி? துப்பாக்கிக் கம்மியர்களுக்கு ஒரு பழைய முறை உண்டு. தோட்டா அமரும் அறையில் உருக்கிய கந்தகத்தை வார்த்து, இறுகியதும் எடுத்து, அந்த அச்சை அளப்பார்கள். ஆம், நம் பட்டாசு ஆலைகளுக்கு வரும் அதே கந்தகந்தான்! அளவை அச்சு சொல்லும். எந்த மருந்துக்கு ஏற்ற குழல் என்பதைக் குழலடியிலுள்ள சோதனை முத்திரை சொல்லும். இரண்டும் ஒத்து வந்தாலன்றித் தேர்ந்த கம்மியர் ஒப்புதல் தரமாட்டார்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இத்தகைய ரைபிள்கள் பல பரம்பரைச் சொத்தாக மட்டுமே எஞ்சியுள்ளன. உங்கள் உறவினர் வீட்டில் உரிமத்தோடு ஒன்று இருந்து, “தோட்டா பொருந்துகிறதே, ஒரு முறை சுட்டுப் பார்க்கலாமே” என்று யாராவது சொன்னால், தடுத்து நிறுத்துங்கள். பொருந்துவது வேறு, தாங்குவது வேறு.